கை தூக்கிய வகுப்பு

அன்று சிரித்தவர்களில் நிருசாவும் ஒருத்தி. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். தான் சிரித்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், அவள் உயர்தரம் படிக்கத் தொடங்கிய புதிதில் நடந்தது அது. குணரத்தினம் சேரின் இரசாயனவியல் வகுப்பு, உள்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், அவருடைய வீட்டுக்குப் பின்னால் இறக்கிய தகரக் கொட்டகையில் நடந்தது. நாற்பது பேர் இருக்க எட்டு நீள வாங்குகள். இரண்டு காற்றாடிகள் இருந்தன. அதில் ஒன்று மழை நாளில் மட்டும் நன்றாகச் சுற்றும். துறைமுகத்துக்குள் கோதுமைக் கப்பல் வந்து ஊதினால், சேர் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஊதி முடியும் வரைக்கும் சோக்கைப் பிடித்தபடி காத்து நிற்பார். வாசலில் நகரத்துக்குள் திரிகிற மான்கள் இரண்டு மூன்று நின்று, பெடியன்கள் எறிந்த சாப்பாட்டுப் பேப்பரை மென்றுகொண்டிருக்கும்.

வகுப்பு தொடங்கி மூன்றாவது கிழமை கஜந்தி வந்து சேர்ந்தாள். ஊர் சம்பூர். ஆனால் அவளுடைய குடும்பம் சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டு ஐந்து வருடமாகியிருந்தது. தாயும் தகப்பனும் கட்டைபறிச்சானில் முகாமில் இருந்தார்கள். படிப்புக்காக இவளை மட்டும் லிங்கநகரில் சின்னம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: பெயரையும் ஊரையும் எழும்பிச் சொல்லச் சேர் சொன்னபோது, அந்தப் பிள்ளையால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. முதல் எழுத்திலேயே சிக்கி நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"அவசரமில்லை பிள்ளை, ஆறுதலாச் சொல்லும்" என்றார் சேர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நாற்பது பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க ஆறுதலாகச் சொல்லுவது எப்படி? பின் வாங்கிலிருந்த சசி, அவளுக்குச் சிக்கின எழுத்தை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னான். வகுப்பு சிரித்தது. நிருசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அமைதி எப்படியாவது உடைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. சிரித்து முடிய முதலே, இடம் இருந்தது அங்கே மட்டும் என்பதால், கஜந்தி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

சேர் ஒவ்வொரு நாளும் பாடம் தொடங்க முதல் இடாப்பு கூப்பிடுவார். பெயர் வாசித்ததும் "ஓம் சேர்" என்று சொல்ல வேண்டும். கடைசியாகச் சேர்ந்ததால் கஜந்தியின் பெயர் கடைசியில் இருந்தது. முப்பத்தொன்பது பேர் சொல்லி முடியும் வரை அவள் காத்திருக்க வேண்டும். முப்பது தாண்டினதும் அவள் வாங்கின் விளிம்பைப் பெருவிரலால் அழுத்தத் தொடங்குவாள். நகம் வெளிறிப் போகும். நிருசா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் அப்படிப் போனது. இரண்டு நாளும் அந்த இரண்டு சொல் வெளியே வர அரை நிமிடம் எடுத்தது. மூன்றாம் நாளிலிருந்து கஜந்தி பிந்தி வரத் தொடங்கினாள். இடாப்பு மூடின பிறகு சத்தமில்லாமல் வந்து இருந்துகொள்வாள்.

லிங்கநகர் பஸ் பிந்துகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, சைக்கிளுக்குக் காற்றுப் போனதால் நிருசாவும் ஒருநாள் பிந்தி வந்தாள். ஒழுங்கைக்குள் திரும்பியபோது கஜந்தி சேரின் மதிலோடு ஒட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள். உள்ளேயிருந்து பெயர்கள் கேட்டுக்கொண்டிருந்தன. நிருசாவைக் கண்டதும் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தாள். வாரில் ஒரு பிழையும் இல்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு அவளும் பேசாமல் நின்றாள். இடாப்பு முடிந்ததும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

அதே கிழமை சேர் கஜந்தியின் சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். பிள்ளை இரண்டு கிழமையாக வகுப்புக்கு வரவில்லை என்று இடாப்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிந்தி வருகிறவர்களை அவர் குறித்துக்கொள்வதுமில்லை, நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. சின்னம்மா வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. முகாமுக்கும் செய்தி போய், இப்படியென்றால் படிப்பு வேண்டாம், வந்து அம்மாவோடு இருக்கட்டும் என்று தகப்பன் சொன்னாராம். கடைசியில், இனிமேல் சித்தப்பாவே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நேரத்துக்கு விடுவதென்று முடிவானது. இதைக் கஜந்தி சொல்லவில்லை. சின்னம்மாவின் ஒழுங்கையிலேயே வீடுள்ள, அதே வகுப்பில் படித்த நஸ்ரியா சொன்னாள். நஸ்ரியாவுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் ஒன்றும் நடப்பதில்லை.

அன்றிரவு முழுக்க நிருசா அந்தச் செருப்பு வாரையே நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் நஸ்ரியாவின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இன்றைக்குப் பெயர் கூப்பிட்டால் நான் வாய் திறக்கப் போவதில்லை, கையைத்தான் தூக்கப்போகிறேன் என்றாள். ஏன் என்று நஸ்ரியா கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் தானும் தூக்குவதாகச் சொன்னாள்.

சித்தப்பா கொண்டுவந்து விட்டதில், கஜந்தி அன்று இடாப்புக்கு முதலே வந்து பக்கத்தில் இருந்தாள். பதினோராவது பெயர் நிருசாவுடையது. அவள் கையைத் தூக்கினாள். சேர் இடாப்பைப் பார்த்தபடி மறுபடி கூப்பிட்டார். அவள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, குறித்துக்கொண்டு, அடுத்த பெயருக்குப் போனார். நஸ்ரியாவும் தூக்கினாள். பிறகு வரிசையாக "ஓம் சேர்" வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கஜந்தியின் பெயர். பக்கத்திலிருந்த பிள்ளை மூச்சை இழுப்பது நிருசாவுக்குக் கேட்டது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கஜந்தியின் கை மெதுவாக மேலே எழும்பியது.

அடுத்த வகுப்பில் ஏழு கைகள். அதற்கடுத்த நாள் முன் வாங்குகள் இரண்டும் முழுக்க. மீன்பிடிக்காரர் வீட்டுப் பெடியன் அஸ்ஹான் தூக்கினான். யாரும் யாரிடமும் எதுவும் கதைக்கவில்லை. கடைசியாக நின்றவன் சசிதான். இரண்டு கிழமை தனியாக உரத்து "ஓம் சேர்" சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவனும் கையைத் தூக்கினான். தூக்கியபடி தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, வகுப்புக்கே தொண்டை கட்டிப்போச்சோ?" என்று சேர் கேட்டார். அவர் கண்ணாடிக்கு மேலால் எல்லாரையும் பார்த்தார். பார்வை கடைசியில் கஜந்தியில் வந்து நின்றது. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்திப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இன்றைக்கும் நிருசாவுக்கு அந்தக் கொட்டகையை நினைத்தால் முதலில் வருவது அந்த அமைதிதான். பெயர் ஒன்று, கை ஒன்று. இடையில் காற்றாடியின் கிறீச்சும், வெளியே காகமும், தூரத்தில் துறைமுகத்து இரும்புச் சத்தமும். அந்த வருடம் அந்த வகுப்புக்குள் என்னவோ இளகிப் போயிருந்தது. அஸ்ஹான் தகப்பனோடு கடலுக்குப் போய் வகுப்புக்கு வர முடியாத நாட்களில், சசி கொப்பிக்கு நடுவில் காபன் தாள் வைத்து எழுதி, அடித்தாளை அவனுக்காக மடித்து வைத்திருப்பான். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நல்ல காற்றாடிக்குக் கீழுள்ள வாங்கை விடுவது வழக்கமாகிவிட்டது. மழை வந்தால் குடை இருப்பவர்கள் இல்லாதவர்களைச் சந்தி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். யாரும் இதைப் புண்ணியமென்று நினைத்துச் செய்யவில்லை. ஒருவர் செய்ய, மற்றவருக்குச் செய்யாமல் இருப்பது கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

கஜந்தி சனி ஞாயிறில் முகாமுக்குப் போய் வந்தால், தாய் வறுத்துக் கொடுத்த கச்சான் கடலையைக் கொண்டுவருவாள். பழைய கொப்பித் தாளில் சின்னச் சின்னச் சரையாகச் சுற்றி, வகுப்பு தொடங்க முதலே ஒவ்வொரு வாங்கிலும் வைத்திருப்பாள். சசிக்கும் ஒரு சரை இருக்கும். இடைவேளையில் அவளும் நிருசாவும் மதிலுக்கு மேலால் கப்பல்களைப் பார்த்தபடி கச்சான் உடைத்துத் தின்பார்கள். கஜந்தி அப்போது கதைப்பாள். சம்பூர் வீட்டுக் கிணற்றைப் பற்றி, காணாமற்போன தங்களுடைய மாடுகளைப் பற்றி, நிறைய நேரமெடுத்துக் கதைப்பாள்.

உயர்தரச் சோதினை முடிந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். நிருசா ஆசிரியையாகி நகரத்திலேயே பள்ளிக்கூடமொன்றில் இரசாயனவியல் படிப்பிக்கிறாள். நஸ்ரியா கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போனாள். கஜந்தியின் குடும்பம் ஒருவழியாகச் சம்பூருக்குத் திரும்பியது. அவள் மட்டக்களப்பில் விவசாயம் படித்து, மூதூர்ப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறாள். பதின்மூன்று வருடத்தில் அவளும் நிருசாவும் சந்தித்தது நாலைந்து தரம்தான், அதுவும் கலியாண வீடுகளில். ஆனால் கை தூக்கிய கதையை நிருசா எங்கேயும் சொல்வாள். தன் மாணவர்களுக்குச் சொன்னாள், ஆசிரியர் பயிற்சி ஒன்றில் மேடையிலும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கேட்கிறவர்களின் முகம் இளகுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

போன வருடம் நஸ்ரியா விடுமுறையில் வந்து இரண்டு பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டு, பழங்கதையெல்லாம் கதைத்து, வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் கடற்கரைப் பக்கமாக நடந்து, மூதூர் பஸ்ஸில் கஜந்தியை ஏற்றிவிட வெளிக்கிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் நிருசா அந்தக் கதையை நஸ்ரியாவின் மாமியாருக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள். கஜந்தி அப்போது குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நஸ்ரியா கடையொன்றுக்குள் நுழைந்து பின்தங்கிய நேரத்தில்தான் அதைப் பற்றி வாயைத் திறந்தாள். இன்னும் அவளுக்குச் சொற்கள் சிக்கத்தான் செய்தன. ஆனால் இப்போது கண்ணை மூடுவதில்லை.

"அண்டைக்கு நான் சொல்லத்தான் வந்தனான்" என்றாள்.

நிருசாவுக்கு விளங்கவில்லை.

"மதிலுக்கு வெளியில நிண்டு, சேர் கூப்பிடுற ஒவ்வொரு பேருக்கும் நானும் 'ஓம் சேர்' எண்டு மெதுவாச் சொல்லிப் பழகினனான். நாளுக்கு நாப்பது தரம். கடைசியில முப்பது தரத்துக்கு மேல ஒழுங்கா வந்தது. சித்தப்பா கொண்டுவந்து விட்ட அண்டைக்கு எனக்குப் பயமில்லை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ கையைத் தூக்கிப்போட்டாய். சேர் திரும்பக் கூப்பிட்டும் இறக்கேல்லை. எனக்காகத்தான் எண்டு விளங்கிச்சு. நான் வாய் திறந்து சொன்னா நீ தூக்கினது வீணாப் போயிடும் எண்டு நினைச்சன். அதால நானும் தூக்கினன்."

எத்தனை பேரிடம் சொன்ன கதை, மேடையேறியும் சொன்ன கதை. நிருசாவுக்கு முகம் சூடாகியது. கோபம் வரவில்லையா என்று கேட்டாள்.

"ஒரு மாதமளவு இருந்தது. பிறகு வீட்டில 'ஓம் சேர்' எண்டு சொல்லிப் பாத்தன், திரும்பவும் வரேல்லை. நீ தூக்காட்டி அண்டைக்கு வந்திருக்குமோ எண்டும் தெரியாது. உண்மையாத்தான் சொல்லுறன், தெரியாது."

அப்போதுதான் நிருசா அதைச் சொன்னாள், இத்தனை வருடமும் சொல்லாததை. முதல் நாள் நானும் சிரித்தேன் என்றாள்.

"தெரியும். பக்கத்திலதானே வந்து இருந்தனான்" என்றாள் கஜந்தி. அவள் முகத்தில் குத்தலொன்றும் இல்லை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, சிக்கிச் சிக்கி, ஆனால் விடாமல் சொன்னாள்: "எனக்கு உன்னில விருப்பம் வந்தது கை தூக்கினதுக்காக இல்லை. நான் ஒரு சொல்லில நிண்டா எல்லாரும் அந்தச் சொல்லை எனக்கு முதல் சொல்லிப்போடுவினம். அம்மாவும் அப்பிடித்தான், சின்னம்மாவும் அப்பிடித்தான். நீ ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லி முடிக்குமட்டும் பேசாம இருப்பாய்."

நிருசா யோசித்துப் பார்த்தாள். அப்படி இருந்ததாகவே அவளுக்கு ஞாபகமில்லை. மதிலும் கப்பல்களும் வெயிலும்தான் ஞாபகம் வந்தன. நல்ல பெயர் எடுக்க மனமில்லாமல் உண்மையைச் சொன்னாள்: "நான் கப்பலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன். உன்ர கதையில பாதி கேட்டிருக்கவும் மாட்டன்."

கஜந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "இருக்கும். எனக்கு அது போதுமாயிருந்தது."

பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய தொலைபேசி அடித்தது. கந்தப்போடி என்று ஒரு விவசாயி. வயலில் பூச்சி விழுந்துவிட்டதாம். கஜந்தி ஓரமாக நின்று மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னாள். ஒரு சொல்லில் வெகுநேரம் நின்றாள். மற்றப் பக்கத்தில் அந்த மனிதர் குறுக்கே கதைக்காமல் காத்திருந்தது இவர்களுக்குத் தெரிந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. நஸ்ரியா போய்ச் சாரதியின் யன்னலடியில் நின்று, தன் பாட்டில் அவரோடு கதை கொடுத்துக்கொண்டிருந்தாள். கஜந்தி அளவை இரண்டாம் தரமும் சொல்லி, அவர் எழுதிக்கொண்டாரா என்று கேட்டு, பிறகு ஏறினாள்.

பஸ் போன பிறகு இரண்டு பேரும் வந்த வழியே திரும்பினார்கள். நஸ்ரியா கட்டாரில் தன் மூத்தவன் பள்ளிக்கூடத்தில் படும் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். மத்தியானத்திலிருந்தே அதைச் சொல்ல அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் யாரோ இடையில் வேறு கதைக்குப் போய்விட்டார்கள். கதை நீளமானது, அழுகையும் இடையில் வந்தது. ஒழுங்கைச் சந்தியில் நிருசாவின் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பாமல் நஸ்ரியாவோடு நேரே நடந்தாள்.