அங்காலப் பக்கம் போன ஓட்டை

எங்கள் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் சகலன் றிம்சானால் வந்தது. மாமனார் தன் பெரிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியை என் மனைவி அஸ்மியாவுக்கும் மறுபாதியை அவள் தங்கை நுஸ்ரத்துக்கும் சீதனமாக எழுதினார். நுஸ்ரத்தை முடித்து றிம்சான் வந்தான். அவனோடு ஒரு சின்ன ட்ரில் மெஷினும் வந்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் எது கழன்றாலும் அஸ்மியா செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்குப் போவாள்.

"தம்பி றிம்சான், ஒருக்கா வந்திட்டுப் போங்க."

நான் அங்கேயே கதிரையில்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் கண்ணுக்குத் தெரியமாட்டேன்.

போன கிழமை சுவரில் மாட்டப் புது மணிக்கூடு வாங்கி வந்தவள் மறுபடியும் செருப்பைத் தேடினாள்.

"நில்லு புள்ள. நான் மாட்டுறன்."

"நீங்களா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தாங்காமல் நேரே கல்முனைக்குப் போனேன். ஹார்ட்வெயார் கடையில் தங்கராசா அண்ணன் ஒரு சின்ன மெஷினை எடுத்து வைத்தார்.

"மணிக்கூடு மாட்ட இது காணும் தம்பி, பெரிசு தேவையில்ல."

அச்சு அசல் றிம்சானுடையது. எனக்குப் பிடிக்கவில்லை.

"இதவிடப் பெரிசு இரிக்கா?"

"இரிக்கு. அது கொங்கிறீட் உடைக்கிறது."

"அதத் தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மணிக்கூடு என்ன பாரம் தம்பி?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் நடுச்சுவரில் வேலையைத் தொடங்கினேன். துளைக்கிற பிட் என் முழங்கை நீளம். பொத்தானை அமத்தியதுதான் தெரியும், மெஷின் என்னையும் இழுத்துக்கொண்டு சுவரோடு போய் முட்டி நின்றது. மாமனார் அந்தச் சுவரை ஒற்றைக் கல் தடிப்பில் கட்டிக் காசு மிச்சம் பிடித்த கதையை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுவருக்கு அங்கால நுஸ்ரத் "யா அல்லாஹ்!" என்று அலறினாள். பிறகு, அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிடும் றிம்சானின் குரல் கேட்டது.

"காக்கா, மெஷின் நல்ல மெஷின்தான். சோத்துக்கு வெச்ச எங்கட மீன் ஆணத்துக்குள்ளதான் சீமெந்து."

பிட்டை இழுத்தெடுத்தேன். ஓட்டைக்குள் அவன் கண் தெரிந்தது. பாவி, கேலிகூடப் பண்ணவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அஸ்மியா என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். வெறுங்காலோடு நடந்து வந்து ஓட்டையில் வாயை வைத்தாள்.

"தம்பி றிம்சான், ஒருக்கா வந்திட்டுப் போங்க."