ஆமை கவிழ்த்த ராஜாக்கள்

என் கணுக்கால் முறிந்த அந்த ஆறு வாரங்கள் மட்டும் இல்லையென்றால், என் மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்திருப்பார். கோபமெல்லாம் இல்லை, கூச்சம். கல்யாணமாகி எட்டு மாதமாகியும் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையைப் பார்த்து, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்பார். அந்தப் பொண்ணு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன்.

நான் துணி ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். விளக்குப் பலகைமேல் துணி ஓட ஓட, விட்டுப்போன இழையைக் கண்டுபிடித்து அடையாள நூல் கட்டுவது வேலை. ஒருநாள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேன். மாவுக்கட்டுப் போட்டு வீட்டு முன்னறை சோபாவில் கிடத்தினார்கள். டிவி அங்கேதான், அதற்கு எதிரில் மாமாவின் நாற்காலி. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுந்து போக எனக்கு வழியில்லை, நாற்காலியை விட அவருக்கு மனமில்லை.

சனிக்கிழமை மதியம் விளையாட்டுச் சேனலில் போக்கர் வரும். இரண்டு பேருக்குமே அது தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். மேசை நடுவில் ஐந்து சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். எல்லாவற்றையும் சேர்த்து யார் கை பெரியதோ அவருக்கு வெற்றி. ஆனால் வெறுங்கையோடு, பந்தயப் பணத்துக்கான வில்லைகளைத் தள்ளி மற்றவர்களை மிரட்டி விலகவைத்தும் ஜெயிக்கலாம். மேசை விளிம்பில் பதித்த கேமரா, ஆட்டக்காரர்களின் சீட்டை நமக்கு மட்டும் காட்டிக் கொடுத்துவிடும். இதெல்லாம் பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் மாமா என்னை நேராகப் பார்த்து, "இந்த ஆள் ஏம்மா இவ்வளவு யோசிக்கறான்?" என்று கேட்டார். எனக்கென்று அவர் சொன்ன முதல் வாக்கியம்.

அந்த ஆள் ஒரு வழுக்கைத்தலைக்காரர். யோசிக்கும்போது கழுத்தைக் காலருக்குள் இழுத்துக்கொள்வார். ஆமை என்று பெயர் வைத்தோம். மற்றவர்கள் அலட்டுவார்கள், சிரிப்பார்கள். ஆமை வாயே திறக்கமாட்டார், ஆனால் அவர் செய்ததற்கெல்லாம் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தோண்டுவதுதான் எங்கள் வாரம் முழுவதற்குமான வேலை. ஆட்டங்களை வீடியோ கேசட்டில் பதிவு செய்தோம். அதற்கு நாத்தனார் கல்யாணக் கேசட்டின் கடைசி அரைமணி நேரம் பலியாயிற்று. நல்லவேளை, அவள் இன்றுவரை அதைக் கேட்கவில்லை. சீட்டுக்கட்டு வாசல்படி ஏறக்கூடாது என்பது அத்தையின் சட்டம். அதனால் சட்டைப்பெட்டி அட்டையை வெட்டி ஐம்பத்திரண்டு சீட்டு நானே வரைந்தேன். ராணிகள் எல்லோரும் என் பெரியம்மா ஜாடையில் அமைந்துவிட்டார்கள். வில்லைக்குப் பொத்தான்.

கட்டுப் பிரித்து நான் வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. ஆலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமா, "ஒண்ணு கண்டுபிடிச்சேம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஆட்டம் வந்தது. ஆமை கையில் இரண்டு ராஜா. மேசையில் இன்னொரு ராஜா. எதிரே ஓயாமல் பேசும் தொப்பிக்காரர். கடைசிச் சீட்டு திறந்ததும் மேசையில் மூன்று ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டு, ஆகிவிட்டது. தொப்பிக்காரர் கையிலும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், அதன்முன் மூன்று ராஜாவும் செல்லாக்காசு. அவர் சிறிது தாமதித்து, தன்னிடமிருந்த வில்லை மொத்தத்தையும் தள்ளினார். ஆமை நான்கு நிமிடம் கழுத்தை வெளியே நீட்டவில்லை. பிறகு ராஜாக்களைத் திறந்து காட்டிவிட்டு, கவிழ்த்து விலகினார். தொப்பிக்காரரோ தன் சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பார்த்திருந்ததால் கேமராவில் அது விழவே இல்லை. அவர் கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஆமை செய்தது சரி என்றேன் நான். தொப்பிக்காரர் முந்தைய இரண்டு சுற்றிலும் பந்தயத்தை ஏற்றாமல் கூடவே வந்த விதம், ஐந்தாவது ஆர்ட்டினுக்குக் காத்திருந்தவர் மாதிரி எனக்குப் பட்டது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தவர் கைக்கடிகாரத்தை அவிழ்த்து வைத்துக்கொண்டு கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"நெஜமாவே சீட்டு வெச்சிருந்தா அவன் பத்து செகண்டுல தள்ளிடுவான். இன்னிக்கு இருபத்திரெண்டு. அவன் விட்டது புருடாம்மா. நம்ம ஆள் ஏமாந்துட்டான்."

தான் கொண்டாடும் மனிதர் ஏமாந்தார் என்று சொல்வது அவருக்கு எளிதாக இல்லை. ஒரு மாதம் இந்த வழக்கு நடந்தது. என் கணவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குக் குடிபெயர்ந்தார்.

ஒரு மதியம், கதவுநிலையில் சாய்ந்து நின்ற அத்தை சொன்னார்: "அவன்கிட்ட சீட்டு இருந்துதுங்க."

நாங்கள் இருவரும் திரும்பினோம். இத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"செருப்புக் கடையில இருபது வருஷம் நின்னிருக்கேன். வாங்காதவன்தான் பேசிக்கிட்டே இருப்பான். வாங்கறவன் வெலையைக் கேட்டுட்டு அமைதியாயிடுவான். இந்தத் தொப்பி தெனமும் பேசறவன், அன்னிக்கு வாயத் தெறக்கல பாருங்க."

மாமா எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தன் பக்கத்தில் போட்டார். அதன்பின் மூன்று பேராகப் பார்த்தோம். இரண்டுக்கு ஒன்று என்று அவர் கட்சி தோற்றாலும், கடைசிவரை "இருபத்திரெண்டு செகண்ட்" என்பதை அவர் விடவில்லை.

பிறகு சேனல் அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. பிள்ளைகள், வீடு மாற்றம், ஆலை மூடல் என்று வருடங்கள் ஓடின. மாமா போய் நான்கு வருடமாகிறது.

போன மாதம் பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருந்தபோது கைபேசியில் தற்செயலாகத் தொப்பிக்காரர் வந்தார். கிழவராகிவிட்டார், தொப்பியும் இல்லை. பழைய ஆட்டங்களைப் பற்றிய பேட்டி. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். கையில் ஒரு ஏழும் ஒரு எட்டும்தான் இருந்தன, இரண்டும் கறுப்பு, தள்ளலாமா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். நான் முறை வந்ததைக் கவனிக்கவில்லை. நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்போ அவர் சொன்னதுதான் சரியா?"

"ஆமா அத்தை."

"நல்லவேளை, அவருக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நம்மள உக்கார விட்டிருப்பாரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் காரம் என்றார். எனக்கும் காரமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ஆமையின் வேறு ஆட்டங்கள் அதில் கிடைக்குமா என்று கேட்டார். தேடினால் நாங்கள் பார்க்காதவையே நிறைய இருந்தன. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்தோம். முதல் ஆட்டத்தில் ஆமை ஜெயித்தார். இரண்டாவதில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்ததும், அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.