வெள்ளைத் தொப்பி

எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து போரிங் போட வேண்டுமாம்! மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் லோடு வண்டிக்கு வால்வு சீல் மாற்றிய அதே மெக்கானிக் கங்கப்பன்தான் சொல்கிறார். அன்றிலிருந்துதான் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஆயில் மட்டம் இறங்கி எஞ்சின் சத்தம் வேறு. பேரிகை ஊர்த் தக்காளியைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஏற்றிப் பிழைக்கிறவர் என் வீட்டுக்காரர் காஜா மொய்தீன். போரிங் செலவு என்றால் வண்டியை விற்பதைத் தவிர வழியில்லை. மனுஷன் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேலை பார்ப்பதே வால்வு சீல் செய்யும் கம்பெனியில். எட்டு மணி நேரம் லென்ஸுக்கடியில் சீலின் உள்விளிம்பை, அந்த ரப்பர் உதட்டைத்தான் பார்க்கிறேன். வால்வுத் தண்டு வழுக்குவதற்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சை மட்டும் அது விடவேண்டும். விடாவிட்டால் தண்டு ஓடும் குழாயான கைடு தேயும். கூடுதலாக விட்டால் ஆயில் எரிந்து புகையாகும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரிஜெக்ட்.

ஷிஃப்ட் முடிந்ததும், வழியில் ஒரு செட் புது சீல் வாங்கிக்கொண்டு, யூனிஃபார்மோடு மத்திகிரிப் பட்டறைக்குப் போனேன். கங்கப்பன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். சிலிண்டருக்குள் நகத்தை ஓட்டினேன். தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை; போரிங்குக்கு வேலையே இல்லை. சீல்களைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலிலும் உதடு கிழிந்திருந்தது.

"அண்ணா, சீல் மாட்டறப்ப வெள்ளைத் தொப்பி போட்டீங்களா?"

"எந்தத் தொப்பி?"

"பாக்கெட்டுல இருக்குமே, பிளாஸ்டிக்கு."

"அதுவா? அது பேக்கிங்குமா." அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "பாப்பா விளையாடும்னு சேத்து வெச்சிருக்கேன்."

"பேக்கிங்கா? தண்டு முனையில லாக் உக்கார்ற காடியோட விளிம்பு கத்தியாட்டம் இருக்குதில்ல? அதுக்கு மேல தொப்பியப் போட்டுத்தான் சீல எறக்கணும். கண்ணு எரிய எரிய பாத்து நாங்க அனுப்பறோம், நீங்க ஒரே அமுக்குல கிழிச்சுட்டு போரிங் போடச் சொல்றீங்க!"

"பாக்கெட்டுல இருந்த சீட்டுல என்னமோ இங்கிலீசுல போட்டிருந்துச்சு..."

அந்தச் சீட்டை மடித்து வைப்பதும் நான்தான். அதில் தமிழில் ஒரு வரி இல்லை என்பது இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது. டப்பாவை பெஞ்சின் மேல் கவிழ்த்தேன். பாக்கெட்டுக்கு ஒரு தொப்பி; நூறுக்கு மேல் இருக்கும்.

"இதெல்லாம் யார் யார் வண்டிண்ணா?"

அவர் குவியலிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தார். "என் ஆட்டோவும் இதுல இருக்குதும்மா. சிலிண்டர் போர் தேஞ்சு போயிடுச்சுன்னு போன வருசம் காயலாங்கடைக்குத் தள்ளிட்டேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறவில்லை. புது பாக்கெட்டைப் பிரித்து, தொப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"மாட்டுங்க. நான் பாக்கறேன்."