உலைக்கு வைத்த ஓட்டுக்கரி

ஜுசாராவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. மக்காவுபாப் பனையின் பருப்பை எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஆலைக்காரர்கள் கொட்டையின் ஓட்டைக் குப்பையில் கொட்டுவார்கள். சம்மட்டிக்கும் அசையாத அந்த ஓட்டைக் கரியாக்கிப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது?

பிரேசிலின் திவினோபொலிஸ் ஊருக்கு வெளியே அவள் வேலை பார்த்த, இரும்பு உருக்கும் ஊதுலை தைலமரக் கரியில்தான் ஓடியது. கரி அங்கே வெறும் எரிபொருள் அல்ல. இரும்புக் கல்லில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விடுவிப்பதும் அதுதான். அந்த வேலையை மக்காவுபா ஓடு செய்யுமா?

உலைத் தலைவர் அஜெனோர் சிரித்தார். "பன்னி திங்கிற பழத்தை என் உலைக்கு ஊட்டப் போறியாம்மா?"

"ஒரே ஒரு வார்ப்புக்கு விடுங்கண்ணே. பொடியாக்கிக் காத்துக் குழாய் வழியா ஊதிப் பாக்கலாம்."

"உலை ஆறிப்போய் இரும்பு வெள்ளையா வந்துச்சுன்னா? சாம்பல் நிறமா இல்லேன்னா வார்ப்படக்காரன் சீண்டக்கூட மாட்டான்."

"வெள்ளையா வந்தா என்னைக் கரிக்கொட்டகைக்கு அனுப்பிடுங்க."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. கொட்டகைக்குப் போனால் நாளெல்லாம் தூசி சலிக்கவேண்டும். உலையைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

சோதனை நாளில் தைலமரக் கரியைக் குறைத்துப் போட்டு, அதற்கு ஈடாக ஓட்டுக்கரிப் பொடியை ஊதினார்கள். காற்றுக் குழாயில் பதித்திருந்த நீலக் கண்ணாடி வழியாக ஜுசாரா எட்டிப் பார்த்தாள். உள்ளே தகதகவென்று எரிந்தது. அஜெனோரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, வெளிச்சம் மங்கியது. கரியைப் பொடியாக்கும் அரைவை இயந்திரம் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது.

"கரி தீந்துபோச்சா? எப்படிண்ணே? எடை போட்டுத்தானே கொட்டகையில அடுக்கினேன்!"

அஜெனோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வார்ப்பைக் கவனிக்கப் போனார்.

வார்ப்பு முடிந்ததும் ஒரு துண்டை ஆறவைத்து, அவரே சம்மட்டியால் உடைத்தார். உள்ளே சாம்பல் நிறம். அதில் திட்டுத் திட்டாக வெள்ளை.

"வெள்ளை வந்துடுச்சு," என்றாள் ஜுசாரா. "நாளையிலேர்ந்து கொட்டகைக்குப் போறேண்ணே."

அஜெனோர் தலையைச் சொறிந்தார். "இரும்மா. வெள்ளிக்கிழமைதோறும் நாம இறைச்சி சுட்டுத் தின்னோமே..."

"அதுக்கென்ன இப்போ?"

"அந்த நெருப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே? பசங்க உன் அடுக்குலேர்ந்துதான் எடுத்தாங்க. நானும் கண்டுக்காம விட்டுட்டேன். என்னமா நின்னு எரிஞ்சுது தெரியுமா! நீகூட இன்னொரு துண்டு கேட்டு வாங்கினியே."

ஜுசாராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என் உலைக்கு வச்சதை என் வாயிலேயே போட்டுட்டீங்களேண்ணே! இப்போ கொட்டகைக்கு யாரு போகணும், நானா நீங்களா?"

அவர் இடுப்பிலிருந்த கொட்டகைச் சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும், இனிமே எவனும் உன் கரியைத் தொடமாட்டான். கரி இருந்த வரைக்கும் இரும்பு சாம்பலாத்தானே வந்துச்சு; நாளைக்கு நானே ஓடு ஏத்திட்டு வர லாரியோட எண்ணெய் ஆலைக்குப் போறேன். மறுபடி ஊதிப் பாப்போம்."