யாரும் ருசி பார்க்காத சில்லி

"அக்கா, சில்லிக்கு உப்புப் போட்டுட்டன்" என்றான் சமையலறை உதவியாள் கிளெமென்ற்.

பாண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த விமலாதேவியின் கை நின்றது. "எப்ப போட்டனி?"

"நீங்கள் கீழை பால் எடுக்கப் போகேக்கை."

"நான் போக முன்னமே போட்டுட்டனே."

இருவரும் பெரிய பானையைப் பார்த்தார்கள். மாட்டிறைச்சி, தக்காளி, மிளகாய்த்தூள், சிவப்பு பீன்ஸ் எல்லாம் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஒஸ்லோவில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் உணவகம் அது. வெள்ளிக்கிழமை என்றால் சில்லி என்ற இந்த அமெரிக்க இறைச்சிக் குழம்பு. இன்று அமெரிக்க விருந்தினர் வேறு.

விமலாதேவிக்கு அங்கே தற்காலிக வேலை. "இந்த வெள்ளிக்கிழமைச் சமையலை நீயே பொறுப்பாக நடத்து. பிறகு நிரந்தரமாக்குவது பற்றிப் பேசலாம்" என்று மேலாளர் பெரித் சொல்லியிருந்தாள். நிரந்தரமானால் நகரின் ஓரத்தில் குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாலையில் செய்யும் துப்புரவு வேலையை விடலாம். பிள்ளைகள் உறங்கும் முன் வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. ஆசைப்படவும் தெம்பில்லை.

"ஒருக்கா வாயிலை வைச்சுப் பார் தம்பி."

"நீங்கள் பாருங்கோவன்."

"மாட்டிறைச்சி. நான் பிறந்ததிலை இருந்து தொட்டதில்லை."

"இண்டைக்குத் தவக்கால வெள்ளி அக்கா. நானும் இறைச்சி தொடேலாது."

"உன்ரை அம்மா யாழ்ப்பாணத்திலை, குருநகரிலை இருக்கிறா. அவவுக்குத் தெரியவோ போகுது?"

"பின்னேரம் போன் எடுப்பா. முதல் கேள்வியே மத்தியானம் என்ன சாப்பிட்டனி எண்டுதான்."

வழக்கமாக ருசி பார்ப்பவள் பெரித். இன்று அவள் மேல்மாடியில் விருந்தினரோடு இருந்தாள். விமலாதேவி பெருமூச்சு விட்டாள். உப்பில்லாமல் மக்கரோனி அவித்து, வடித்து, பானைக்குள் கொட்டிக் கிளறினாள். உப்பை அது இழுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

விருந்தினர் வந்தார்கள். அவர்களில் ஒரு டெக்ஸாஸ்காரர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "எங்கள் ஊரில் பீன்ஸ் போட்டாலே அது சில்லி இல்லை. இதில் மக்கரோனியுமா?"

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். அவள் சின்சினாட்டி நகரத்துக்காரி. "எங்கள் ஊரில் ஸ்பகெட்டி இல்லாமல் சில்லியே இல்லை. மசிடோனியாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்து கடை போட்டவர்கள் தொடங்கிய வழக்கம். தங்கள் ஊர் இறைச்சிக் குழம்பில் மிளகாயைப் போட்டு, கறுவாப்பட்டையும் சேர்த்து, ஸ்பகெட்டியின் மேல் ஊற்றினார்கள். அதற்குச் சில்லி என்று பெயர் வைத்து விற்றார்கள்."

"ஏன் அப்படி?"

"வந்த இடத்தில் பிழைக்க வேண்டாமா?"

அவள் இரண்டாம் தட்டும் வாங்கினாள். டெக்ஸாஸ்காரரும் முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தார்.

எல்லோரும் போனபின் பெரித் சமையலறைக்குள் வந்தாள். "நல்லாயிருந்தது. கொஞ்சம் உப்புத்தான் கூட. யார் ருசி பார்த்தது?"

ஒரு பொய் போதும். கிளெமென்றும் அதைத்தான் கண்ணால் சொன்னான். ஆனால் இன்று சொல்லும் பொய்யை ஒவ்வொரு வெள்ளியும் காப்பாற்ற வேண்டும். அதை நினைக்கவே விமலாதேவிக்கு அலுப்பாக இருந்தது.

"ஒருவரும் பார்க்கவில்லை. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இனியும் சாப்பிட மாட்டேன்."

பெரித் சுவரில் தொங்கிய வாரப் பட்டியலைப் பார்த்தாள். "ருசி பார்க்காத ஆளிடம் வெள்ளிக்கிழமையை நான் கொடுக்க முடியாது. திங்கள் முதல் வியாழன் வரை உன் சமையலில் குறை இல்லை. ஐந்து நாளில் அந்த நான்கு நாள், எண்பது வீதம் நிரந்தரம். சம்மதமா?"

எண்பது வீதச் சம்பளம் வீட்டுக்குக் காணாது. துப்புரவு வேலையை முழுதாக விட முடியாது. சில மாலைகளாவது போக வேண்டும். மற்ற மாலைகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம்.

"சம்மதம்" என்றாள்.

பெரித் போனதும் கிளெமென்ற் அடிப்பிடித்த பானையைத் தொட்டிக்குள் இறக்கினான். "இனி வெள்ளிக்கிழமையிலை என்ன செய்யப் போறியள் அக்கா? கோயிலோ?"

"படுப்பன்" என்றாள் விமலாதேவி.