சிவந்த காலிஃப்ளவர்

வெயிலுக்கு ஈவு இரக்கம் என்று ஒன்று இருந்திருந்தால், ராமுத்தாயின் தள்ளுவண்டியை மட்டுமாவது விட்டுவைத்திருக்கும். 2006-ஆம் வருஷத்துக் கோடையில் அது யாரையும் விடவில்லை. தென்னம்பாளையம் மார்க்கெட்டில் விடிகாலையில் வாங்கும்போது கொத்தமல்லிக் கட்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி வாசலுக்கு வண்டி வந்து சேர்வதற்குள் தலையைத் தொங்கப்போட்டுவிடும். தக்காளி பாதி வெந்தே விற்பனைக்கு வரும். கேரட்டை ரப்பர் மாதிரி வளைக்கலாம். ஊட்டி லாரி பாதிச் சுமையோடுதான் வந்துகொண்டிருந்தது. பீன்ஸ் வந்தால் கோஸ் வராது, கோஸ் வந்தால் பீன்ஸ் வராது.

வாங்க வருகிற பெண்களோ செக்கிங் செக்‌ஷன்காரிகள். ஊசி ஓட்டை விழுந்த பனியனைத் தூக்கி எறிகிற அதே பார்வையோடு காயைப் புரட்டுவார்கள்.

“ஏனுங்க்கா, இந்தக் கீரை இன்னைக்குப் பறிச்சதா, போன தீவாளிக்குப் பறிச்சதா?”

“வெயிலு உன்னய விடுதா, என்னய விடுதா? கீரைய மட்டும் விட்டுருமாக்கும்? வாங்குனா வாங்கு தாயி, இல்லன்னா வெலகு, காத்தாவது வரட்டும்” என்பாள் ராமுத்தாய். சங்கரன்கோவில் பக்கத்து வாய் அது. புருஷன் இசக்கிமுத்துவுக்குப் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை கிடைத்துத் திருப்பூருக்கு வந்து எட்டு வருஷமாகியும் அந்த வாய் மட்டும் ஊர் மாறவில்லை.

வாய் பேசினாளே ஒழிய, மனசுக்குள் அழுதுகொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் ஆனால் வண்டியில் பாதி குப்பைக்குத்தான் போனது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நிழல். அது எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். அவள் குடியிருந்த லைன் வீட்டின் ஓனர் நாச்சிமுத்து வீட்டு முன்பக்கத்தில், ரோட்டைப் பார்த்து ஓர் அறை இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப்பார்க்கும். பத்து மணிக்கு மேல் குளுகுளுவென்று நிழல்தான். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். அந்த அறைக்குள்ளே காலொடிந்த கட்டில் ஒன்று சொகுசாகக் குடியிருந்தது. வாடகைக்குக் கேட்டும் பார்த்தாள், அவர் பிடிகொடுக்கவில்லை. காய்கறிக்கு இல்லாத யோகம் கட்டிலுக்கு!

நாச்சிமுத்து சின்னதாக ஒரு சாயப்பட்டறை நடத்தி வந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் அவருடைய சாயத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. ஆறு மாசமாக அவர் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து வேலை பார்க்கிற கம்பெனிக்கு அவர் போட்டுக்கொடுத்த ஒரு லாட் சிவப்புத் துணியை, சாயம் போகிறது என்று சொல்லி முதலாளி ரிஜெக்ட் செய்துவிட்டார்.

“என்ற சாயம் போகுதாமா? வாயில போட்டு மென்னாலும் எறங்காது கண்ணு! அவனுக்கு ஆர்டர் கேன்சலு, பழி எம்மேல!” என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார். இசக்கிமுத்து பயபக்தியோடு தலையாட்டுவான். வீட்டு ஓனர் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

இப்படியிருக்கையில் நாச்சிமுத்துவின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. நாள் பார்த்தார்கள் பாருங்கள், அக்கினி நட்சத்திரம் நடுவில்! அவருடைய சம்சாரம் மயிலாத்தாள் ராமுத்தாயைக் கூப்பிட்டாள்.

“இந்தாம்மிணி, விருந்துக்குக் காயெல்லாம் நீயே புடிச்சுக் குடுத்துரு. காலிஃப்ளவர் பொரியல் வெள்ளை வெளேர்னு இருக்கோணும். முள்ளங்கி சாம்பார். கோஸ் கூட்டு. சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் கோயமுத்தூர்க்காரங்க.”

“யக்கா, இந்த வெயில்ல காலிஃப்ளவரு தாங்குமா? பூசணி, முருங்கக்கா, வாழக்கா, மாங்கான்னு போட்டா அம்சமா இருக்குமே.”

“அதெல்லாம் கூட வெச்சுக்கலாம். பூசணிக்காய மட்டும் போட்டு ஆக்கிப்போட்டா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?”

அப்போது நாச்சிமுத்து குறுக்கே வந்து, “காயி மட்டும் வாடாம கொண்டுவந்து எறக்கு அம்மிணி. அந்த முன் ரூம்பைப் பத்தி யோசிக்கலாம்” என்றார். ராமுத்தாய்க்கு அதற்கப்புறம் காதே கேட்கவில்லை. காலிஃப்ளவர் என்ன, அவர் கேட்டால் காஷ்மீர் ஆப்பிளே கொண்டு வந்திருப்பாள்.

சனிக்கிழமை விடிகாலையில் மார்க்கெட்டில் சண்டை போட்டு, இருந்ததிலேயே நல்ல காயாகப் பொறுக்கினாள். பூசணி, வாழைக்காய் கூட்டத்தைத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். அவை எதையும் தாங்கும். காலிஃப்ளவர், முள்ளங்கி, கோஸ் மூன்றும்தான் சீமைத் துரைகள். வழக்கமாக ஈரச் சாக்கு போட்டு மூடுவாள். ஆனால் மயிலாத்தாள், சாக்கு நாற்றம் அடிக்கிற காய் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“சாக்கு எதுக்குட்டி? பனியன் துணி இருக்கும்போது?” என்றான் இசக்கிமுத்து. “தண்ணியக் குடிச்சா மறுநாள் வரைக்கும் வச்சிருக்கும். கம்பெனியில மெசின் தொடைக்க ஒரு ரோலையே வெட்டிப் போட்டிருக்காவ. புதுத் துணி. கேட்டு வாங்கியாரேன்.”

சொன்னபடியே கொண்டுவந்தான். பார்த்தால் நல்ல சிவப்பு.

“யோவ், இது சாயம் போகாதா?”

“இது நம்ம ஓனரய்யா போட்ட சாயம்! வாயில போட்டு மென்னாலும் எறங்காதுன்னு அவரே சொல்லுதாரு. பொறவு என்ன?”

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ராமுத்தாய் துணியைத் தண்ணீரில் முக்கிக் கூடைகளை நாலு சுற்றுச் சுற்றினாள். இருட்டின பிறகு மேலாகவே இன்னும் ரெண்டு குடம் ஊற்றினாள். அந்த முன்னறையில் தராசை எந்த மூலையில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடைகளையும் பூசணிக் கூட்டத்தையும் அப்படியே ஆட்டோவில் ஏற்றி, ரெண்டு தெரு தள்ளி நாச்சிமுத்து வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் இறக்கினார்கள். சமையல்காரர் வீரணன் துணியை விலக்கினார். விலக்கியவர் விலக்கிய கையோடு நின்றார்.

காலிஃப்ளவர் ஒவ்வொன்றும் புதுப்பெண் மாதிரி சிவந்து உட்கார்ந்திருந்தது. கோஸ் ரோஜாப்பூவாகியிருந்தது. வீரணன் ஒரு முள்ளங்கியை வாலைப் பிடித்துத் தூக்கினார்.

“ஏனுங்க, இது என்ன, முள்ளங்கி பீட்ரூட்டுக்குப் பொறந்திருக்குதுங்களா?”

ராமுத்தாய் கூடைக்குள் எட்டிப்பார்த்தாள். போச்சு, அறையும் போச்சு, மானமும் போச்சு. “பாவி மனுசா, கெடுத்தியே!” என்று புருஷனைத் தேடினாள். அவன் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். அது அவனைவிட ஒல்லியாக இருந்தது.

“மேல் தோலைச் சீவிட்டு ஆக்கிரட்டுங்களா? யாருக்குத் தெரியப்போவுது” என்றார் வீரணன்.

“கூடவே கூடாது! அந்தச் சாயத்துல என்ன கருமத்தைக் கலந்திருக்காகளோ. பச்சப்புள்ளைக சாப்பிடுத பந்தி இது. என் பொழப்புப் போனாப் போகுது” என்று கத்தினாள் ராமுத்தாய். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே நாச்சிமுத்துவைக் கூட்டிவந்தாள். திட்டுவது என்றால் இப்போதே திட்டித் தீர்க்கட்டும்.

நாச்சிமுத்து பட்டு வேட்டி சரசரக்க வந்தார். காலிஃப்ளவரைப் பார்த்தார். முகம் காலிஃப்ளவரின் நிறத்துக்கு வந்தது.

“என்ன அம்மிணி இது அநியாயம்! எவன் துணிய வெச்சு மூடுனே? எந்த மடையன் போட்ட சாயம் இது?”

இசக்கிமுத்து பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து, மிகுந்த மரியாதையோடு, “நீங்க போட்டதுதாங்கய்யா. அந்த ரிஜெக்ட் லாட்டு” என்றான்.

நாச்சிமுத்து கூடையிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்தார். கை விரல் இடுக்கில் சிவப்பாக ஒழுகியது. ஆறு மாசப் பாட்டும் அத்தோடு நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் அடித்தது. “கம்பெனி முதலாளி வந்துட்டாருங்கோ!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சிவப்பு லாட்டை ரிஜெக்ட் செய்த அதே முதலாளிதான். அடுத்த ஆர்டரை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று நாச்சிமுத்துவே வீடு தேடிப்போய் வருந்தி வருந்தி அழைத்துவிட்டு வந்த ஆள் அவர்.

“ஐயோ, அந்தாளு சமையக்கட்டு வரைக்கும் வந்து பாக்கறவனாச்சே! அம்மிணி, உனக்குப் புண்ணியமாப் போகும், இதைய அக்கட்டால கொண்டுபோ!”

“எங்க கொண்டுபோவேன்யா? வாசல் வழியாத்தானே போகணும்? வாசல்ல அவரு நிக்காரு.”

அவள் ஒரு கணக்கும் போட்டுச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தெரியவில்லை. ஆனால் நாச்சிமுத்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவியதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பட்டென்று நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனிதர் தானே கூடையைத் தூக்கினார். வீட்டுக்குள் புகுந்து அந்த முன்னறைக்குப் போய், காலொடிந்த கட்டிலைக் காலாலேயே நெட்டித் தள்ளி, மூன்று கூடைகளையும் உள்ளே வைத்துப் பூட்டினார். சாவியை அவள் கையில் திணித்தார்.

“யாரு கேட்டாலும் தொறக்கக் கூடாது! நீயே வெச்சுக்கோ!”

“சரிங்கய்யா. நானே வெச்சுக்கிடுதேன்.”

பூசணி சாம்பாரும், மாங்காய்ப் பச்சடியும், வாழைக்காய் வறுவலும், முருங்கைக்காய்க் கூட்டுமாக வீரணன் ஜமாய்த்துவிட்டார். கோயமுத்தூர் சம்பந்திகள் பூசணி சாம்பாரை மூன்று தரம் கேட்டு வாங்கினார்கள். “காலிஃப்ளவர் எங்கீங்க?” என்று மயிலாத்தாள் பல்லைக் கடித்தாள். “வெயிலுக்கு வாடிப்போச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்” என்றார் நாச்சிமுத்து. பாவம், செய்யாத குற்றத்தையும் வெயில்தான் சுமந்தது.

மறுநாள் ராமுத்தாய் அறையைத் திறந்தாள். சிவந்த காய்களை மாட்டுக்குக்கூடப் போடாமல் குழி வெட்டிப் புதைத்தாள். அறையைக் கழுவினாள். கழுவிய இடத்தில் தராசை வைத்தாள். காலை வெயில் எட்டிப்பார்க்கிறதே என்று, அந்தச் சிவப்புத் துணியை நனைத்து முன்னால் படுதாவாகக் கட்டினாள். படியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது.

சாவியைத் திருப்பி வாங்க வந்த நாச்சிமுத்து அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். கம்பெனி முதலாளியின் கார் தினமும் போகிற ரோடு அது.

“அம்மிணி, அதைய மொதல்ல அவுரு!”

“வெயிலு அடிக்குதேய்யா. ஒரு தகரம் இருந்தா நான் ஏன் இதைக் கட்டுதேன்?”

நாச்சிமுத்து வந்த காரியத்தைச் சொல்லவே இல்லை. மத்தியானத்துக்குள் ரெண்டு ஆட்கள் வந்து தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். வாடகை என்று அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். கம்பெனி வாசலில் வண்டி நிறுத்த அவள் கொடுத்துவந்த காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ராமுத்தாய் ஒத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் கொத்தமல்லியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அது நிமிர்ந்தே நின்றது.

சிவப்புத் துணியை அவள் எறியவில்லை. நன்றாக உலர்த்தி, மடித்து, தராசுக்குப் பக்கத்தில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். வாடகையை ஏற்றுகிற மாசம் என்று ஒன்று வராமலா போய்விடும்?