அராபாவின் டோ

டிசம்பர் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றில் பியானோக் கட்டைகளின் மேல் புழுதி படியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்தப் புழுதியில் விரலை ஊன்றி, கிறிஸ்துமஸ் பாட்டைக் கொத்திக் கொத்தி வாசிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தப்பு. கானாவின் இந்தக் கேப் கோஸ்ட்டில் எனக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று தோன்றும்.

அந்த வருஷம் எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் மாணவன் பாதிப் பாட்டில் நின்றுபோயிருந்தான். போதகர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பைடூ, இந்த தடவையும் சொதப்பினா பியானோவ சாமான் ரூமுக்குள்ள தள்ளிடுவேன். கிடார், டிரம் பசங்களே பாத்துக்கட்டும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க.”

எனக்குச் சொந்தப் பியானோ கிடையாது. பாடம் நடப்பதே கோவில் பியானோவில்தான். அது போனால் என் பிழைப்பும் போச்சு.

அபாவைத் தேர்ந்தெடுத்தேன். சின்னப் பெண், நல்ல காது. ஆரம்பப் பிள்ளை என்பதால் ஒரு கட்டை சுருதியில், வெறும் வெள்ளைக் கட்டைகளிலேயே பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். சிக்கல் அவளுடைய அம்மா அராபாதான். எங்கள் சபையில் பாட்டு எடுத்துக்கொடுப்பவள் அவள். எழுந்து நிற்பாள், தொண்டை போன இடத்தில் பாட்டைத் தொடங்கிவிடுவாள். வாத்தியக்காரன்தான் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். அவள் சுருதி எப்போதும் எனக்கு அரைக் கட்டை மேலே நிற்கும். அதற்கு வாசிக்க வேண்டுமானால் கறுப்புக் கட்டைகளில் ஏற வேண்டும். அபாவால் அது எப்படி முடியும்?

சந்தையில் அராபா கெங்கே என்கிற புளித்த சோள உருண்டை விற்கிற இடத்துக்கே போனேன்.

“அக்கா, அன்னிக்கு மட்டும் பியானோ சத்தத்தக் கேட்டுட்டு ஆரம்பிங்க.”

“என்னது? அந்தப் பெட்டி சொன்னாத்தான் நான் வாயத் தொறக்கணுமா? டோங்கற முதல் சுரம் என் தொண்டையில இருக்கு வாத்தியாரே, உங்க பெட்டியில இல்ல.”

“உங்க பொண்ணுக்காகத்தான் கேக்கறேன்.”

“கெங்கே வேணுமா, வேணாமா? ஆளுங்க நிக்கறாங்க பாருங்க.”

வாங்கிக்கொண்டு திரும்பினேன். அபாவிடம், அம்மா எப்படித் தொடங்கினாலும் வெள்ளையை விட்டு நகராதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சரி சரி என்று தலையாட்டினாள். அப்படித் தலையாட்டும் பிள்ளைகளை நம்பவே கூடாது.

ஆராதனை நாள். அராபா எழுந்தாள். பாட்டு அச்சு அசலாக என் ஒரு கட்டையில் இறங்கியது! மகளுக்காக, வாசலில் கிடார்ப் பையனிடம் சுரம் கேட்டு, அதை விடாமல் முனகிக்கொண்டே உள்ளே வந்தாளாம். பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதே நொடியில் அபாவின் விரல்கள் கறுப்புக் கட்டைகளில் விழுந்தன. அம்மாவின் வழக்கமான சுருதிக்கு, எனக்குத் தெரியாமல் பழகிவைத்திருக்கிறாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. தாய் ஒரு பக்கம், மகள் அரைக் கட்டை தள்ளி மறுபக்கம். கேட்டவர்களுக்குப் பல் கூசியது.

இருவரும் நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். இப்போது அராபா மேலே ஏறிவிட்டாள், அபா வெள்ளைக்கு இறங்கிவிட்டாள்.

“யாராவது ஒருத்தர் அசையாம இருங்களேன்!” என்று கத்திவிட்டேன்.

கோவிலே சிரித்தது. டிரம் பையன் தட்ட ஆரம்பித்தான். சபை கைதட்டிக்கொண்டு தனக்குப் பிடித்த வேறொரு சுருதியில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. போதகர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பியானோவை மூடினேன்.

அபா ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“கறுப்புல வாசிக்கச் சொல்லி உன்ன யாருடி கேட்டா?”

“உன்ன யாரும்மா எனக்காக எறங்கச் சொன்னது?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அராபா என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

“பாத்தீங்களா வாத்தியாரே, எனக்காக எம்பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு?”

பார்த்தேன். என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது அதுதான். அதைப் போய் என்னவென்று திட்டுவது?